கேட்டதைக் குடுங்க

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற கிழவி கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியாத பிள்ளைகள். எல்லார் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கியது. அதில் ‘கேஸ் மேனேஜர்’ என்று அச்சடித்திருந்தது. தீராத நோயில் படுத்திருப்பவர்களின் வீட்டுக்குப் போய், அந்தக் குடும்பத்துக்குக் கடைசிவரை துணையாக நிற்பது அவர்கள் வேலை. எண்பதுகளில் விழுப்புரத்தில் நான் பார்த்ததும் அதே வேலைதான். எனக்கு அட்டையும் கிடையாது, அந்தப் பெயரும் கிடையாது. ஆஸ்பத்திரியில் என்னைச் ‘சமூகப் பணியாளர்’ என்றார்கள். ஊர் ஜனங்கள் ‘ஊசி போடாத நர்ஸம்மா’ என்றார்கள். “ஊசி போட மாட்டீங்க, மாத்திரை எழுத மாட்டீங்க, அப்ப எதுக்குத்தான் வர்றீங்க?” என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான்.

வகுப்பில் ஒரு பெண் எழுந்து, “மேடம், ஃபேமிலிகிட்ட கண்டிப்பா சொல்லவே கூடாத வார்த்தைன்னு ஏதாவது இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கு. ‘கேட்டதைக் குடுங்க’” என்றேன்.

அவள் திருதிருவென்று முழித்தாள். நான் கதையை ஆரம்பிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. பிரியாணி வாசனைக்கு முன்னால் என் கதை எடுபடுமா? எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் சென்னையில் சமூகப் பணி படித்தவள். அங்கே வறுமையைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள், குடியைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். மனிதர்கள் செத்தும் போவார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். அதை விழுப்புரத்தில் ஒரு சின்னத் தொண்டு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அங்கே எனக்கு மேலதிகாரி ரெஜினா மேடம். நல்ல உயரம், அதைவிட உயரமான குரல். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை இருக்கும். வெயிலிலும் விரிக்க மாட்டார், மழையிலும் விரிக்க மாட்டார். “நாய்க்கு வச்சிருக்கேன்” என்பார். கிராமம் கிராமமாக நடப்பவருக்கு அந்தக் குடையின் அருமை தெரியும்.

அவர் வேலை செய்யும் விதமே தனி. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக நோயாளியிடம் போவார். “தாகமா இருக்கு, உங்க சொம்புல கொஞ்சம் தண்ணி குடுங்க” என்பார். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, படுத்திருப்பவருக்குத் தட்டு, தம்ளர் எல்லாம் தனியாக ஒதுக்கியிருந்த காலம் அது. மேடம் அந்தத் தனிச் சொம்பை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வார். வீட்டார் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். அடுத்த முறை போகும்போது பல வீடுகளில் தனித்தட்டு காணாமல் போயிருக்கும்.

இன்னொன்று, வாசலில் நின்று குசுகுசுவென்று பேச விடமாட்டார். நோயாளியைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அந்த வீட்டுப் பெரிய மருமகன் மாட்டுக்கொட்டகைப் பக்கம் கண்ணைக் காட்டுவார் பாருங்கள், அங்கேதான் ரகசிய மாநாடு. மேடம் அசைய மாட்டார். “உள்ள படுத்திருக்கிறவருக்குக் கால்தான் முடியல. காது நல்லாத்தான் இருக்கு. நாம வெளிய போன நேரத்தை வச்சே எல்லாத்தையும் கணக்குப் போட்டுடுவாரு” என்பார். ஆனால் பஸ் ஏற்றிவிட யாராவது கூட வந்தால் தடுக்க மாட்டார். அந்த வீட்டில் கேட்க முடியாத கேள்வி ஒன்றை வயிற்றில் வைத்திருப்பவர்தான் பஸ் ஸ்டாப் வரைக்கும் வருவார் என்பது அவர் அனுபவம். என் அனுபவமும் அதுதான்.

இனி தணிகாசலம் ஐயா விஷயம்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில், பெருமுக்கல் மலை தெரிகிற தூரத்தில் அவர் கிராமம். சொந்த நிலம், மல்லாட்டையும் கேப்பையும் போடுவார். வேர்க்கடலைக்கு அந்தப் பக்கம் மல்லாட்டை என்றுதான் பெயர். இடுப்பெலும்பில் கட்டி. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்போதே பரவிவிட்டது. தீராது என்பது உறுதி. ஆனாலும் மாசக்கணக்கில் நாள் இருந்தது. வலிக்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்ப முடிவானது. கிளம்பும்போது அவர் மனைவி பச்சையம்மாள் டாக்டரிடம், “சாப்பாடு இன்னா குடுக்கறதுங்க? பத்தியம் ஏதாச்சும் இருக்குதா?” என்று கேட்டார்.

டாக்டர் சின்னப் பையன், தங்கமான மனசு. “பத்தியமெல்லாம் ஒண்ணும் வேணாம்மா. அவர் கேட்டதைக் குடுங்க” என்றார்.

அவர் சொன்னது சாப்பாட்டைத்தான். ஆனால் நம் ஊரில் டாக்டர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தானே? பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கூட வந்திருந்த அந்த அம்மாவின் தம்பி ஏழுமலை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மேடத்துக்கு இந்த விஷயம் தெரியவந்தபோது அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். மேடம் தலையில் அடித்துக்கொண்டார். “போச்சு! மாசக்கணக்குல இருக்கப்போற மனுசனை இந்த வாரமே அனுப்பி வச்சிடுவாங்க!”

அடுத்த வாரம் நாங்கள் இருவரும் போனோம். தெருவில் நுழையும்போதே ஏதோ கல்யாண வீடு மாதிரி சத்தம். சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். முதல் நாள் திண்டிவனத்திலிருந்து டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய படம் போட்டிருக்கிறார்கள். “அவருக்குப் படம்னா உசுரு” என்றார் பச்சையம்மாள். தெருவே உட்கார்ந்து பார்த்திருக்கிறது. தணிகாசலம் ஐயா முதல் படத்தில் டைட்டில் ஓடும்போதே தூங்கிவிட்டாராம். கட்டில் பக்கத்தில் ஜிலேபி, அல்வா, கறிவறுவல். மனிதர் புது வேட்டி கட்டிக்கொண்டு, கடன்காரன் முன்னால் உட்கார்ந்த மாதிரி எல்லாவற்றையும் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் கொடுத்தவர்கள் வலி மாத்திரையை மட்டும் கொடுக்கவில்லை! அதைத் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார்கள். “ரொம்பத் தாங்க முடியாம கத்தும்போது குடுக்கலாம்னு எடுத்து வச்சிருக்கோம்” என்றார் பச்சையம்மாள்.

மேடம் தண்ணீர் குடித்த சொம்பைக் கீழே வைத்தார். “உங்க வீட்டுல பசி வந்து மயங்கி விழுந்தப்புறந்தான் சோறு போடுவீங்களா?”

“அதெப்படிங்க? வேளைக்குப் போடுவோம்.”

“இதுவும் சோறு மாதிரிதான். வலி வர்றதுக்கு முன்னாடி வேளைக்குப் போடணும்.”

அந்த வீட்டில் கடிகாரம் ஓடவில்லை. ரேடியோ ஓடியது. அதனால் காலைச் செய்திக்கு ஒன்று, மத்தியானச் செய்திக்கு ஒன்று, ராத்திரிச் செய்திக்கு ஒன்று என்று மேடம் கணக்கு வைத்துக் கொடுத்தார். கிளம்பும்போது அவர்கள் மகள் செல்வி செருப்பைப் போட்டுக்கொண்டு எங்களுடன் பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன்.

செல்வி திண்டிவனத்தில் டீச்சர் டிரெய்னிங் படித்துக்கொண்டிருந்தாள், கடைசி வருஷம். பஸ் வருகிற திசையையே பார்த்தபடி மெதுவாக ஆரம்பித்தாள்.

“தையில எனக்குக் கல்யாணம்னு முடிவு பண்ணிட்டாங்க மேடம். ஏழுமலை மாமாவோட. மாமாவுக்கு பெங்களூர்ல வேலை. தாலி கட்டின கையோட கூட்டிக்கினு போயிடுவாங்க.”

“படிப்பு?”

“அவ்ளோதான்.”

“உனக்கு மாமாவைப் பிடிக்கலையா?”

“மாமா நல்லவருதான். ஆனா படிப்பையும் விட்டுட்டு, அப்பாவையும் இந்த நிலைமையில விட்டுட்டு எப்படிப் போறது? அப்பாதான் கேட்டாராம். ‘செல்வி கல்யாணத்தைப் பார்த்துட்டாப் போதும்’னு ஆஸ்பத்திரியில சொன்னாராம். டாக்டர் வேற கேட்டதைக் குடுங்கன்னுட்டாரு. நான் மாட்டேன்னா, போகப்போற அப்பா கேட்டதைக் குடுக்காத பொண்ணுன்னு ஆயிடும்ல?”

“நீ அப்பாகிட்டப் பேசினியா?”

“எப்படி மேடம் பேசறது? போகப்போறோம்ங்கறதே அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க.”

பஸ் வந்துவிட்டது. அவள் கைகாட்டிவிட்டு அங்கேயே நின்றாள். எனக்கு அழுகை வந்தது. மேடத்துக்குக் கோபம் வந்தது. “ஒரே ஒரு வாக்கியம், பாரு! அந்தாளுக்குப் பேச்சையும் பிடுங்கிட்டாங்க, பொண்ணையும் பிடுங்கப் போறாங்க” என்று திண்டிவனம் வரைக்கும் பொரிந்து தள்ளினார்.

அடுத்த முறை போனபோது பச்சையம்மாளையும் ஏழுமலையையும் கட்டிலுக்கு எட்டாத தூரத்தில், கிணற்றடியில் உட்கார வைத்தார். கொட்டகை மாநாடு கூடாதென்று சொன்னவரே இப்படிச் செய்கிறாரே என்று பார்த்தேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். போகும்போதே கட்டில் பக்கம் திரும்பி, “ஐயா, உங்க வீட்டம்மாகிட்ட உங்களைப் பத்தித்தான் பேசப்போறேன். முடிஞ்சதும் உங்ககிட்ட வர்றேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டார்.

பச்சையம்மாள் ஒரே பிடியாக நின்றார். “சொன்னா அன்னிக்கே மனசு உடைஞ்சு போயிடுவாருங்க. வேணாம்.”

“நான் போய் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றார் மேடம். “ஆனா அவரா கேட்டார்னா பொய்யும் சொல்ல மாட்டேன். அவர் கேக்கறதுக்கு வழி மட்டும் விடுவீங்களா?”

பச்சையம்மாள் வெகுநேரம் வாளிக் கயிற்றைத் திரித்துக்கொண்டிருந்தார். மேடம் அவசரப்படுத்தவில்லை. அந்த அம்மா தூங்கினாரா, சாப்பிட்டாரா, ராத்திரியில் அவரைப் புரட்டிப்போட யார் கை கொடுக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அத்தனை நாளில் அந்த அம்மாவை அப்படி யாரும் கேட்கவில்லை போல. பொலபொலவென்று கண்ணீர் விட்டு அழுதுவிட்டு, “சரி, கேளுங்க” என்றார்.

உள்ளே போனதும் மேடம் என்னைப் பார்த்து, “நீ கேளு வசந்தா” என்றார்.

கேள்வி எனக்கு மனப்பாடம். “ஐயா, உங்க உடம்பைப் பத்தி நீங்க இன்னா நினைக்கிறீங்க?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம். அவர் கூரையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார். எனக்கு ஏதாவது ஆறுதல் சொல்லித் தொலைக்கலாம் என்று நாக்கு துறுதுறுத்தது. மேடம் என் கால் பெருவிரலை மிதித்துக்கொண்டே இருந்தார். அவர் எடை லேசானதல்ல.

தணிகாசலம் ஐயா திடீரென்று சிரித்தார்.

“நர்ஸம்மா, நான் பிராந்திக் கடைப் பக்கம் திரும்பினாலே தொடப்பத்தைத் தூக்கறவ எம் பொண்டாட்டி. அவளே அரிசிப் பானைக்குள்ளேர்ந்து பாட்டிலை எடுத்து, தம்ளர்ல ஊத்தி, ‘குடிங்க’ன்னு நீட்டினா. அதுக்கு மேல டாக்டர் வேற வந்து சொல்லணுமா? அப்பவே தெரிஞ்சு போச்சு.”

கதவருகே நின்ற பச்சையம்மாள் பதறிப்போய், “அடப்பாவி மனுசா! தெரிஞ்சுமா குடிச்சே?” என்றார்.

“தெரிஞ்சதாலதான்டி குடிச்சேன்!”

மேடம்தான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கட்டில் ஆடியது. பிறகு ஐயா, பிறகு நான். பச்சையம்மாள் சிரித்துக்கொண்டே வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தம் கேட்டு ஏழுமலையும் செல்வியும் ஓடி வந்தார்கள்.

ஐயா மேடத்தைப் பார்த்து, “எவ்ளோ நாள்?” என்றார்.

“வருசக்கணக்குன்னு சொல்ல மாட்டேன். மாசக்கணக்குன்னு சொல்லலாம்” என்றார் மேடம், குரலைக் குறைக்காமல்.

அவர் தலையாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் மனைவியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “டாக்டர் கேட்டதைக் குடுக்கச் சொன்னாரா?” என்றார்.

“ஆமா.”

“எது கேட்டாலுமா?”

“உசுரையே கேளுங்க, குடுக்கறேன்” என்றார் பச்சையம்மாள்.

“அது எனக்கு வேணாம், நீயே வச்சிக்க. தையில வச்சிருக்கிற கல்யாணத்தை நிறுத்து.”

“நீங்கதானே கேட்டீங்க!” என்றார் பச்சையம்மாள்.

“நான் எங்கடி கேட்டேன்? பொண்ணைப் பெத்தவன் பெருமூச்சு விட்டா வர்ற பேச்சுடி அது. அதைப் போய் ஆசைன்னு எடுத்துக்கினு பத்திரிகை அடிக்கப் போயிட்டீங்க! அவ பரீட்சை எழுதட்டும். அதுவரைக்கும் சாயங்காலம் பஸ்ஸை விட்டு எறங்கி வந்து என் எதிர்ல உக்காரட்டும். எனக்கு வேணும்ங்கறது அதான்.”

செல்வி முகத்தை மூடிக்கொண்டாள். ஏழுமலை சட்டென்று, “எனக்கும் அதான் மாமா சௌகரியம். இன்னும் ரூம்கூடப் பார்க்கலை, பசங்களோட தங்கிக்கினு கீறேன். உங்க ஆசையாச்சேன்னுதான்...” என்றான். பச்சையம்மாள் தம்பியை முறைத்த முறைப்பில் மீதியை விழுங்கிவிட்டான். பாருங்கள், அந்த வீட்டில் ஒருவருக்கும் அந்தக் கல்யாணம் அப்போது வேண்டாம். எல்லாரும் அடுத்தவருக்காகப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இன்னொண்ணும் கேக்கறேன்” என்றார் ஐயா. “எதைச் சொன்னாலும் சரி சரின்றீங்களே, அது பேஜாரா கீது. பொணத்துக்குப் படையல் போடற மாதிரி இருக்குது. நான் கேக்கறதுல பாதிக்காச்சும் முடியாதுன்னு சொல்லுங்க. சண்டை போடுங்க. பச்சை, முக்கியமா நீ. நீ சண்டை போட்டு ரெண்டு வாரமாச்சு.”

அன்றைக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மேடம் வறுத்த மல்லாட்டை வாங்கித் தந்தார். விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைத் தின்றுகொண்டே அழுதார். “சந்தோஷமா இருக்குடி” என்றார். மறுநாள் டாக்டரிடம் போய், “இனிமே ‘எப்பவும் சாப்பிடறதையே சாப்பிடட்டும்’னு சொல்லுங்க டாக்டர்” என்று கேட்டுக்கொண்டார். டாக்டர் ஏன் என்று கேட்டு, கதையைக் கேட்டதும் நாற்காலியிலேயே சாய்ந்து சிரித்தார். அப்புறம் அந்த வாக்கியத்தை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போவதென்றால் எனக்குக் குஷிதான். வலி மருந்து ரேடியோச் செய்தியோடு தவறாமல் போனதால் ஐயா நிம்மதியாகத் தூங்கினார். விழித்திருக்கும்போது வம்பு வளர்த்தார். கருவாட்டுக் குழம்பு கேட்பார். “நேத்துதானே தின்னீங்க? முடியாது” என்பார் பச்சையம்மாள். கட்டிலை வாசலில் போடச் சொல்வார். “வெயில் தாழட்டும், முடியாது.” ஒரு தடவை நான் இருக்கும்போது அவர் கேட்ட மூன்றுக்கும் ‘முடியாது’ வந்துவிட்டது. “பாதின்னுதானேடி சொன்னேன்!” என்று கத்தினார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு. சாயங்காலம் செல்வி வந்து எதிரில் உட்கார்ந்து, அன்றைக்கு எடுத்த பாடத்தை அவருக்கே டீச்சராக நடத்துவாள். அவர் வேண்டுமென்றே தப்பாகப் பதில் சொல்லி அடி வாங்குவார்.

சித்திரையில் மல்லாட்டை பிடுங்கினார்கள். ஏழுமலை லீவு போட்டு வந்து, ஆள் வைத்துக் கட்டிலோடு தூக்கிக்கொண்டுபோய் நிலத்து ஓரம் மர நிழலில் போட்டான். ஐயா ஒரு செடியை வாங்கி, மண்ணை உதறி, பச்சைக் காயாகவே உடைத்துத் தின்றாராம். வீடு திரும்பியதும், “பச்சை, இன்னிக்கு அந்த பாட்டில்ல கொஞ்சம் குடு” என்றிருக்கிறார். “பச்ச மல்லாட்டையைத் தின்னுட்டு பிராந்தி வேணுமா? வயித்தைக் கலக்கும். முடியாது போ, நாளைக்குப் பார்க்கலாம்” என்றிருக்கிறார் பச்சையம்மாள். “பார்த்தியா உங்கம்மாவை” என்று செல்வியிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே தூங்கியவர், காலைச் செய்திக்கு எழுந்திருக்கவில்லை.

காரியத்துக்கு நான் போயிருந்தேன். சாவு முடிந்த வீட்டுக்கும் ஒருமுறை போய்வந்தால்தான் நம் வேலை முடியும் என்பது மேடத்தின் கட்டளை. பந்தலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. செல்வி பரீட்சைப் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். பச்சையம்மாள் மட்டும் உள்ளே, வெறும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். மூன்று வேளையாகச் சாப்பிடவில்லை என்றார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நர்ஸம்மா, ஊர் உலகத்துல எல்லாரும் கேட்டதைக் குடுத்து அனுப்பறாங்க” என்றார். “நான் கடைசியா அந்த மனுசன் கேட்டதைக் குடுக்காம அனுப்பிட்டேனே. ஒரு வாய்தானே கேட்டாரு. முடியாதுன்னுட்டேனே.”

இதற்கான பதில் எனக்குத் தெரியும். ஐயாவே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பதில்.

“அம்மா, அவர் உங்ககிட்ட கேட்டதே அந்த ‘முடியாது’வைத்தானே? அதைக் குடுத்துத்தான் அனுப்பியிருக்கீங்க.”

பச்சையம்மாள் என்னையே பார்த்தார். அழுகைக்கு நடுவே உதடு கோணியது. “ஆமால்ல? பாவி மனுசன், போகும்போதும் அவன் பேச்சே நடந்துபோச்சு பாரு” என்று சிரித்துவிட்டார். மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து, என் கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனார். பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு இலை விழுந்தது.

வடை வந்தது. பசி எனக்கு. “இன்னொரு வடை போடச் சொல்லுங்கம்மா” என்றேன்.

“முடியாது” என்றார் பச்சையம்மாள். “முதல்ல சோத்தைத் தின்னு.”